10-க்கு 11 அறை, இரண்டு பிள்ளைகள்: பங்க் கட்டிலா, இழுப்புக் கட்டிலா?

நெல்லைத்தென்றல்

வணக்கம். பிள்ளைகளுக்கென்று ஒரு அறை ஒதுக்கப் போகிறோம். பெரியவளுக்கு 8 வயது, சின்னவனுக்கு 4. அறை 10 அடிக்கு 11 அடி, உயரம் ஒன்பதரை அடி. நடுவில் 48 இஞ்ச் சீலிங் ஃபேன். 10 அடிச் சுவர் ஒன்றில் ஜன்னல், எதிர்ச்சுவரின் மூலையில் கதவு. இரண்டு படுக்கை, ஒரு படிப்பு மேசை, ஒரு துணி அலமாரி வேண்டும். இடம் மிஞ்சுமே என்று பங்க் கட்டில் (ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு படுக்கை) பக்கம் மனசு போகிறது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஆசாரியிடம் பிளைவுட்டில் செய்யச் சொல்லலாமா? என்ன அளவு, எதைக் கவனிக்க வேண்டும்?

உளியும் இழைப்பும்

சகோதரி, கட்டிலுக்கு முன்னால் தலைக்கு மேலே பாருங்கள். உங்கள் அறையில் முடிவு சொல்லப்போவது அந்த ஃபேன்தான்.

48 இஞ்ச் ஃபேனின் றெக்கை நுனி நடுவிலிருந்து 2 அடி வரும். 10 அடி அகலத்தில் நடு என்பது சுவரிலிருந்து 5 அடி. ஆக, றெக்கை சுவருக்கு 3 அடி வரை வந்து சுற்றுகிறது. 3 அடி மெத்தை போடும் கட்டில், சட்டத்தோடு சேர்த்து 3 அடி 4 இஞ்ச். அதாவது மேல் படுக்கையின் விளிம்புக்கு மேலேயே 4 இஞ்ச் றெக்கை ஓடும். உயரத்தையும் பாருங்கள். ஃபேன் கூரையிலிருந்து ஓரடி இறங்கித் தொங்கினால் றெக்கை எட்டரை அடியில். மேல் தட்டு 5 அடி, மெத்தை 5 இஞ்ச் என்றால் மிச்சம் 3 அடி 1 இஞ்ச்தான். உட்கார்ந்தால் தலை இடிக்காது. ஆனால் 8 வயதுப் பிள்ளை முட்டி போட்டுப் போர்வையை உதறினாலே கை போய்விடும். சீலிங் ஃபேனைக் கழற்றி, எதிர்ச்சுவரில் 16 இஞ்ச் சுவர் ஃபேன் மாட்டச் சம்மதமா? இல்லையென்றால் இந்த அறைக்குப் பங்க் வேண்டவே வேண்டாம்.

வயதும் இடிக்கிறது. 6 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை மேல் படுக்கையில் விடக்கூடாது என்ற எச்சரிக்கை பங்க் கட்டிலில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அக்காதானே மேலே படுக்கிறாள் என்று நினைப்பீர்கள். ஏணி அங்கே இருக்கும் வரை தம்பி ஏறத்தான் செய்வான்.

என் யோசனை: இப்போதைக்கு இழுப்புக் கட்டில், கடைக்காரர்கள் புல் அவுட் என்பார்கள். பகலில் ஒரு கட்டில், ராத்திரி அடியிலிருந்து இன்னொன்று. தம்பி அடியில் படுத்தால், உருண்டு விழுந்தாலும் அரையடிதான்.

பலரும் தவறுவது அடிப் படுக்கையின் அளவில். மேலே 75-க்கு 36 இஞ்ச் மெத்தை போட்டால், அடித்தட்டு கால்களுக்கு நடுவே நுழைய வேண்டும். அதற்கும் 75-க்கு 36 வாங்கினால் உள்ளே போகாது. தட்டு செய்து முடித்த பிறகு உள்ளளவை எடுத்து, நீளத்திலும் அகலத்திலும் அரை இஞ்ச் குறைத்து மெத்தைக்கு ஆர்டர் கொடுங்கள். தடிமன் 4 இஞ்ச் போதும். உயரக் கணக்கு: சக்கரம் 2 இஞ்ச், பிளைவுட் முக்கால், மெத்தை 4, தலையணையும் விரிப்பும் 2 முதல் 3. எனவே திறப்பு 11 இஞ்சுக்குக் குறையாமல் விடச் சொல்லுங்கள். குறைந்தால் தினமும் காலையில் தலையணையை எடுத்து வேறெங்காவது வைக்க வேண்டிவரும். நாலே நாளில் கட்டிலை உள்ளே தள்ளுகிற வழக்கமே நின்றுவிடும்.

சக்கரம் ரப்பர் பூசியதாக இருக்கட்டும். வெறும் பிளாஸ்டிக் டைல்ஸைக் கீறும். நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் இரண்டு. நடுச் சக்கரம் இல்லாவிட்டால் தட்டு தொய்ந்து தரையைத் தேய்க்கும்.

பிளைவுட் விஷயம். ஐ.எஸ். 303 முத்திரையோடு பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரும் தாங்கும்) வகை வாங்குங்கள். எம்.ஆர். (ஈரம் ஓரளவு தாங்கும்) வகை விலை குறைவு, ஆனால் தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால் தாங்காது. வீடு துடைக்கும் ஈரம் கீழ் விளிம்பில் ஏறி ஊதிவிடும். தரைத்தளமாகவோ ஓதம் ஏறும் சுவராகவோ இருந்தால் மட்டும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டுக்குப் போங்கள். பக்கப் பலகை 18 மி.மீ. மேல் மெத்தைத் தட்டு 12 மி.மீ. போதும், ஆனால் அடியில் ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குக் கட்டை கட்டாயம். தட்டில் ஓரடிக்கு ஒன்றாக 1 இஞ்ச் துளை போடச் சொல்லுங்கள். காற்று போகாவிட்டால் ஐப்பசி மழையில் மெத்தையின் அடிப்பக்கம் கரும்புள்ளி பூசணம் பிடிக்கும். தரையை ஒட்டி வரும் வெட்டு விளிம்புகளுக்குப் பீடிங் ஒட்டி சீலர் இரண்டு கோட் அடித்தாரா என்று குனிந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுவது அங்கேதான்.

மூலை இணைப்புக்கு ஆணியோ வெறும் ஸ்க்ரூவோ கூடாது. 8 மி.மீ. போல்ட்டும் நட்டும். முதல் மாதம் கழித்து ஒருமுறை இறுக்குங்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூவை இரண்டாம் முறை கழற்றி மாட்டினால் துளை பொடிந்து பிடிப்பு போய்விடும். வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு அது ஆகாது.

அளவுகோல்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் இழுப்புக் கட்டிலுக்கு எதிரே அலமாரி வைத்தால் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதையும் பாருங்கள். கட்டில் 3 அடி 4 இஞ்ச், எதிர்ச்சுவரில் அலமாரி ஆழம் 2 அடி. நடுவில் 4 அடி 8 இஞ்ச். ராத்திரி 3 அடித் தட்டை இழுத்தால் 1 அடி 8 இஞ்ச். பிள்ளை எழுந்து பாத்ரூம் போக அது போதும், 2 அடிக் கதவு திறக்கப் போதாது. அலமாரிக்கு ஒன்றே கால் அடிக் கதவுகளாகப் பிரித்துப் போடுங்கள், அல்லது தள்ளுகதவு. செய்யக் கொடுப்பதற்கு முன் பழைய செய்தித்தாளை அந்தந்த அளவுக்கு வெட்டித் தரையில் ஒட்டி, அறைக்கதவைத் திறந்து மூடிப் பாருங்கள்.

அலமாரியைச் சுவரில் கட்டாமல் விடாதீர்கள். இழுப்பறைகளை வரிசையாக இழுத்து, படிபோல ஏறும் வயது 4. 2016-ல் அமெரிக்காவில் ஒரே நிறுவனம் சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது இதற்காகத்தான். மேல் விளிம்பில் இரண்டு எல் பிராக்கெட், செங்கல் சுவர் என்றால் 8 மி.மீ. துளை, ரோல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை), 50 மி.மீ. ஸ்க்ரூ. பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் பிடிக்க வேண்டும். லேசான ஏ.ஏ.சி. கல் (காற்றறைகள் உள்ள கான்கிரீட் கல்) சுவரில் சாதாரண பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கென்றே வரும் நைலான் பிளக் கேளுங்கள்.

மேசை: பெரியவர்களின் மேசை 75 செ.மீ. 119 முதல் 142 செ.மீ. உயரப் பிள்ளைக்கு ஐரோப்பிய அளவுமுறை சொல்வது மேசை 59, இருக்கை 35. சின்ன மேசை வாங்கினால் நாலு வருஷத்தில் மாற்ற வேண்டும். அதனால் 75 செ.மீ. மேசையையே போட்டு, இருக்கையை 51-க்கு உயர்த்தி, காலுக்கு 16 செ.மீ. உயரத்தில் ஒரு பலகை வையுங்கள். கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி, பிள்ளை பத்து நிமிடத்தில் எழுந்துவிடும். வளர வளர இருக்கையைக் கொஞ்சமும், பலகையை அதைவிட அதிகமாகவும் இறக்கிக்கொண்டே வரலாம்.

ஜன்னலுக்கு அடியில் கட்டில் வேண்டாம், மேசையை வையுங்கள். வலது கைப் பழக்கம் என்றால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும்படி திருப்பிப் போடுங்கள்.

நெல்லைத்தென்றல்

இருவருக்கும் மிக்க நன்றி. இழுப்புக் கட்டில் என்றே முடிவு செய்துவிட்டோம். இரண்டு சந்தேகம். மேல் கட்டிலுக்குள் சாமான் வைக்க ஹைட்ராலிக் மூடி போடலாமா? ஊரில் அப்பா வீட்டில் பச்சைப் பெயின்ட் அடித்த பழைய மர அலமாரி ஒன்று சும்மா கிடக்கிறது. சுரண்டிவிட்டுப் புதுப் பெயின்ட் அடித்தால் ஆகுமா?

உளியும் இழைப்பும்

அடியில் இழுப்புத் தட்டு இருக்கும்போது மூடிக்குள் ஆழம் கிடைக்காது. இல்லாவிட்டாலும் பிள்ளைகள் அறையில் ஹைட்ராலிக் வேண்டாம். மூடியைத் தாங்கும் கேஸ் குழாய் நாளாக வலுவிழந்தால் மெத்தையோடு பலகை விரலில் இறங்கும்.

பழைய அலமாரியை இப்போதே சுரண்டாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில், அதிலும் பச்சை, மஞ்சள், சிவப்பில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் பறந்து பிள்ளை வாய்க்குள் போகும். பெயின்ட் உரியாமல் இருந்தால் பெரியவர்கள் அறையில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உரிகிறது என்றால், பிள்ளைகள் இல்லாத இடத்தில், வெளியே, ஈரத் துணியும் ரசாயன ரிமூவரும் கொண்டு எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மரம் தேக்கா என்று ஓரத்தில் பாருங்கள்; தேக்காக இருந்தால் அந்தக் கூலி வீண் போகாது.