மகளின் சாஃப்ட்பால் பந்துவீச்சுக்கு நல்ல பயிற்சியாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகளுக்குப் பதினொரு வயது. சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம், பந்தைத் தோளுக்குக் கீழிருந்து கையைச் சுழற்றி வீசுவார்கள்) ஆடுகிறாள். இந்த சீசனில் பந்தின் சுற்றளவு 11 அங்குலத்திலிருந்து 12 ஆகிவிட்டது. வீசும் தூரமும் 35 அடியிலிருந்து 40 அடி. இப்போதைய பயிற்சியாளர், பந்தை விட்டதும் முழங்கையை மடக்கி முகத்துக்கு நேரே தூக்கச் சொல்கிறார். ஒலிம்பிக் வீராங்கனைகளின் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், முன்கை இடுப்பை ஒட்டி வந்து உள்பக்கம் திரும்புகிறது. கேட்டால், "முதலில் வேகம் வரட்டும்" என்கிறார். எதிரே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து பந்து பிடிப்பவன் நான். கிரிக்கெட் மட்டுமே தெரிந்தவன். என் முழங்கால் வீக்கத்தை விடுங்கள், அவளுக்கும் தோள் வலிக்கிறது.

பெண் பிள்ளைகளை விளையாட விட்டவர்கள் சொல்லுங்கள்: முதல் வகுப்பில் எதைக் கவனித்தீர்கள்? சேஞ்ச்-அப் (வேகப்பந்து போலவே வீசி, மெதுவாக வரவைக்கும் பந்து) எப்போது தொடங்கினார்கள்? வலி என்றால் ஓய்வு கொடுத்தார்களா?