வீட்டுக்கு ஒரு நல்ல வைஃபை ரவுட்டர் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. எங்கள் பழைய ரவுட்டர் அடிக்கடி தொங்கிவிடுகிறது. விளக்கெல்லாம் எரியும், ஆனால் எந்தப் போனிலும் நெட் வராது. அணைத்துப் போட்டால் சரியாகும், அப்புறம் மறுபடியும் அதே கதைதான். மோடத்தில் நேரடியாகக் கேபிள் செருகினால் நன்றாக வருகிறது, அதனால் லைனில் கோளாறு இல்லை.

தேவை பெரிதாக ஒன்றுமில்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்பு, சில போன்கள், ஒரு லேப்டாப், ஒரு டிவி. அம்மாவின் அறை மட்டும் இரண்டு சுவர் தள்ளி இருக்கிறது. அங்கே வீடியோ கால் அறுந்துபோகாமல் இருந்தால் போதும். வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சட்டென்று பலவீனமாகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும். ஆகவே இரண்டும் உள்ளதாகத்தான் வாங்க வேண்டும்.

பெட்டியில் இருக்கும் எண்களை நம்ப முடியவில்லை. ஏசி1200 என்று போட்டிருப்பது, 2.4-இன் 300 எம்பிபிஎஸ்-ஐயும் 5-இன் 867-ஐயும் கூட்டி, 1200 என்று முழுமையாக்கிப் போட்ட கணக்கு. ஒரே போனுக்கு அந்த வேகம் கிடைக்காது. அதே பெட்டிக்குள் கேபிள் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே இருக்கவும் கூடும். பின்னாளில் லைன் வேகத்தைக் கூட்டினால் அங்கேயே முட்டி நிற்கும். அதனால் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் கட்டாயம் வேண்டும். டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறையும் இருந்தால் நல்லது.

நீங்கள் வருடக்கணக்கில் தொங்காமல் ஓட்டும், விலையும் கையைக் கடிக்காத மாடல் எது? நிறுவனம் இன்னும் அதற்கு மென்பொருள் அப்டேட் தருகிறதா? எங்கள் போன்களில் பெரும்பாலும் பழைய தலைமுறையான வைஃபை 5தான். இதற்கு, அடுத்த தலைமுறையான வைஃபை 6 ரவுட்டர் வாங்குவதில் பலன் உண்டா? மாடல் பெயரோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.