ஆஸ்டின் டவுன்டவுனில் நேரில் கேட்ட இசை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வேலை மாறி டெக்சாஸுக்கு வந்தபோது, ஆஸ்டின் விமான நிலையத்திலேயே ஒருவர் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். 'நேரடி இசையின் உலகத் தலைநகரம்' என்று இந்த ஊர் 1991இல் தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டது. அதையெல்லாம் விளம்பரம் என்று நினைத்திருந்தேன். எலிஃபண்ட் ரூமுக்குப் போன இரவுதான் நினைப்பு மாறியது.

காங்கிரஸ் அவென்யூவில் நடைபாதையிலிருந்து படி இறங்கினால் வருகிற நிலவறை ஜாஸ் பார் அது. வாசித்தவர்களுக்கு மூன்றடி தள்ளி எனக்கு நாற்காலி. பேஸ் வாசித்தவரின் இரண்டு விரல்களில் வெள்ளை டேப் சுற்றியிருந்தது; அவர் கம்பியை இழுக்கும்போதெல்லாம் என் தண்ணீர் கிளாஸில் சின்னச் சின்ன வளையம். சபாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தே மிருதங்கம் கேட்டு வளர்ந்தவன் நான். கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது.

இடைவேளையில் டிரம்மர் நேராக என்னிடம் வந்து, "என்ன தாளம் எண்ணிக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். எங்கள் ஊர்த் தாளம் என்று சொல்லி, ஏழு எண்ணிக்கையில் வரும் மிஸ்ர சாப்பை மேஜையில் தட்டிக் காட்டினேன். மூன்று, நான்கு. மூன்று, நான்கு. இரண்டு தடவை கேட்டார், தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டாவது சுற்றில் தனி வாசிக்கும்போது ஏழில் நாலு ஆவர்த்தனம் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே அடுத்த வாரமும் போனேன்.

அன்றைக்கு இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். டிப் வாளி வந்தபோது நான் ஒரு டாலர் போட்டேன். பக்கத்து மேஜை அம்மா இருபது போட்டார். அப்புறம் அவரே விளக்கினார்: கவர், அதாவது நுழைவுக் கட்டணம், வாங்காத பார்களில் வாசிப்பவர்களுக்கு அநேகமாக இந்த வாளியும், பார் விற்பனையில் ஒரு பங்கும்தான். நாலு பேர், மூன்று மணி நேரம். அதைக் கேட்டதிலிருந்து என் பர்ஸில் தனியாக ஒரு இருபது டாலர் நோட்டு எப்போதும் இருக்கும். நீங்களும் வையுங்கள், தயவுசெய்து.

பையனுக்குப் பதினாறு வயதானதும் இசை கிளப்புகள் வரிசையாக இருக்கும் ரெட் ரிவர் தெருவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே மோஹாக் என்கிற கிளப்பில் எல்லா வயதினரையும் விடும் நிகழ்ச்சி ஒன்று. 21 ஆகாதவர்களுக்கு மது கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் புறங்கையில் கறுப்பு மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போடுவார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் போகும்வரை அவன் அதைக் கழுவவே இல்லை. பாட்டுக் கேட்க வந்ததற்கு அடையாளமாகக் கையில் ஒரு குறி இருப்பது அவனுக்கு அவ்வளவு பெருமை.

கவலையும் உண்டு. இந்தத் தெருவை நகராட்சி கலாச்சார வட்டாரமாக அறிவித்தது 2013இல். ஆனால் சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டிடங்கள் கோபுரம் கோபுரமாக எழும்பிக்கொண்டே இருக்கின்றன. புதிதாகக் குடிவந்தவர்கள் சத்தம் என்று புகார் கொடுக்கிறார்கள், இடத்துக்காரர் கிளப்புகளின் வாடகையை ஏற்றுகிறார். என்னைப் போல ஐடி வேலைக்கு வந்தவர்களின் சம்பளமும் அந்த வாடகையை ஏற்றியதுதானே? அதனால் நேரில் போய் இசை கேட்கிற கடமை நமக்குக் கூடுதலாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மறுமொழி 1

நான் வந்தது தொண்ணூறுகளில். லிபர்ட்டி லஞ்ச் என்று ஒரு இசை கிளப் இருந்தது, பாதிக் கூரை, பாதி வானம். 1999இல் அலுவலகக் கட்டிடம் வருவதற்காக இடித்தார்கள். மூடும் முன்னால் ஒரே பாட்டை 24 மணி நேரம், குழு மாறி மாறி, நிறுத்தாமல் வாசித்தார்கள். விடியற்காலையில் நான் போனபோது பாடியவருக்குத் தொண்டையே இல்லை, கூட்டம்தான் பாடிக்கொண்டிருந்தது. ஆண்டோன்ஸ் என்கிற ப்ளூஸ் கிளப் 1975இல் தொடங்கி, இடம் மாறி மாறி, இப்போது மறுபடி டவுன்டவுனில் இருக்கிறது. அங்கே ப்ளூஸ் கேட்கும்போதெல்லாம், இது தப்பித்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும்.

மறுமொழி 2

அண்ணா, நான் இங்கே மாணவி, ஒரு பேண்டில் கீபோர்டு வாசிக்கிறேன். ஒரு பாரில் (பெயர் வேண்டாம்) மூன்று மணி நேரம் வாசித்த பிறகு, "இன்றைக்கு விற்பனை இல்லை" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். ஆம்ப்பை (ஒலிபெருக்கியை)த் தூக்கிக்கொண்டு மூன்று தெரு நடந்தோம், அழுகையாக வந்தது. அடுத்த வாரம் வேறு இடத்தில், வாசலில் வசூலான கவர் பணத்தை சவுண்ட் இன்ஜினியர் எங்கள் முன்னாலேயே எண்ணி, தன் கூலியை எடுத்துக்கொண்டு, மீதியை ஆளுக்கு 31 டாலராகப் பிரித்துக் கொடுத்தார். அந்த 31 டாலரை இன்னும் செலவு செய்யவில்லை.

இந்த வியாழக்கிழமை ரெட் ரிவரில் வாசிக்கிறோம். எட்டரைக்கெல்லாம் ஆரம்பித்துவிடுவோம். வருகிறவர்கள் காது அடைப்பான் கொண்டு வாருங்கள், எங்கள் டிரம்மர் கொஞ்சம் பலமாக அடிப்பார்.