மேலத்தெரு குடும்பம் குரூப்: பெரியப்பா வாங்குன வால்வு ஆம்ப்ளி

சனிக்கிழமை

ராஜா பெரியப்பா: (போட்டோ)

ராஜா பெரியப்பா: வந்துட்டுலா 😀 ட்யூப் ஆம்ப்ளிஃபயர். ரெண்டு வால்வும், அதான் அந்த கண்ணாடி ட்யூப்பு, எப்படி தகதகன்னு எரியுது பாருங்க. 300 வாட்ஸ், வெறும் 6,499 ரூவா. அப்பா மைக்செட்ல கேட்ட அதே சத்தம்

வள்ளி அத்தை: அண்ணே சூப்பர் 👌

வள்ளி அத்தை: வார்ம் சவுண்டுன்னு டப்பால எழுதிருக்கே அது என்ன, சூடா இருக்குமா

ராஜா பெரியப்பா: பாட்டு இழைஞ்சு வரும்மா. டிரான்சிஸ்டர் செட்டுல கேட்டா காதுல குத்தும்லா, அது இதுல இல்ல. நம்ம பழைய ஸ்டீரியோவயும் இதயும் மாத்தி மாத்தி போட்டு பாத்தேன், கண்ண மூடிட்டு சொல்லிரலாம்

கார்த்தி: பெரியப்பா ரூம் லைட்ட அணைச்சிட்டு வால்வ பக்கத்துல ஒரு போட்டோ எடுத்து போடுங்களேன். அப்புறம் கூட வந்த அடாப்டர் பின்னாடி பொடி எழுத்துல ஏதோ இருக்கும், அதயும்

ராஜா பெரியப்பா: எதுக்குலே

கார்த்தி: சும்மாதான்

ராஜா பெரியப்பா: (போட்டோ)

ராஜா பெரியப்பா: (போட்டோ)

கார்த்தி: 24 வோல்ட் 3 ஆம்பியர். பெருக்குனா 72. அடாப்டரே மொத்தமா 72 வாட்ஸ்தான் குடுக்கும், அதுலயும் கொஞ்சம் உள்ளயே சூடா போயிரும். அப்புறம் 300 வாட்ஸ் ஸ்பீக்கருக்கு எங்க இருந்து வரும்? 2 லிட்டர் பால்ல 8 லிட்டர் தயிரா

வள்ளி அத்தை: 😂😂

ராஜா பெரியப்பா: டப்பால பெருசா போட்ருக்கான்டே

கார்த்தி: ஞாபகம் இருக்கா நம்ம வீட்டு டூ இன் ஒன் மேல ஸ்டிக்கர்ல ஆயிரம் வாட்ஸ் பி.எம்.பி.ஓ.ன்னு இருந்துச்சே, ஆறு பேட்டரி போட்டா ஓடுற செட்டுல ஆயிரம் வாட்ஸ். அந்த பி.எம்.பி.ஓ.வுக்கு எப்படி அளக்கணும்னு ஒரு விதியும் கெடயாது, கண்ணிமைக்கிற நேரத்துக்கு என்ன வருமோன்னு கற்பனை பண்ணி போடுற நம்பர். அமெரிக்காவுலயும் இப்படித்தான் ஆளாளுக்கு வாய்க்கு வந்த வாட்ஸ போட்டு வித்துட்டு இருந்தாங்க, 1974ல ஃபெடரல் டிரேட் கமிஷன்னு வியாபாரத்த கண்காணிக்கிற அரசாங்க அமைப்பு உள்ள பூந்து, தொடர்ந்து ஓடும்போது எத்தன வாட்ஸ், எத்தன ஓம் (கரண்ட தடுக்குற அளவு) ஸ்பீக்கர்ல, எவ்வளவு டிஸ்டார்ஷனோட (சத்தம் கெடுறது)ன்னு சேத்து சொல்லணும்னு ரூல் போட்டாங்க. இங்க இன்னும் ஸ்டிக்கர் ராஜ்ஜியம்தான்

முருகேசன் மாமா: மச்சான் அந்த வால்வு வெளிச்சத்த நல்லா பாருங்க. அடில இருந்து மேல ஆரஞ்சு கலர்ல கண்ணாடி முழுக்க பரவுதுலா. அது வால்வு வெளிச்சம் இல்ல. எல்.இ.டி.

ராஜா பெரியப்பா: என்ன மாப்ளே சொல்லுதீக

முருகேசன் மாமா: வால்வுக்குள்ள ஹீட்டர் எரியிறது நடுவுல மேலயும் கீழயும் கொஞ்சூண்டு செவப்பா தெரியும், அவ்வளவுதான். தீபாவளி சீரியல் செட்டு மாதிரி எரியாது. சாக்கெட்டு நடுவுல ஓட்ட போட்டு எல்.இ.டி. வச்சிருக்கான்

ராஜா பெரியப்பா: அப்ப வால்வே டம்மியா

கார்த்தி: டம்மின்னு சொல்ல முடியாது, நெசமான வால்வுதான், சிக்னலும் அது வழியாதான் போகும். ஆனா ஸ்பீக்கர தள்ளுறது அது இல்ல. அது சின்ன வால்வு, வாசல்ல நின்னு சிக்னல வாங்கி உள்ள அனுப்புற வேல மட்டும். பவர் பூரா அடில இருக்குற கிளாஸ் டிங்கிற டிரான்சிஸ்டர் சிப்புல இருந்து வருது, அந்த சிப்பு தபால்தலை அளவு கூட இருக்காது

முருகேசன் மாமா: கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிறவன் மாதிரின்னு வைங்க. சமையல்காரன் உள்ள இருக்கான்

நித்யா: 😂 மாமா இத நான் திருடிக்கிறேன்

ராஜா பெரியப்பா: எல்லாரும் சேந்து என்ன கேணயனாக்குதீக

நித்யா: இல்ல பெரியப்பா நான் உங்க கட்சி. என் கிடார் ஆம்ப்ளிஃபயர் வால்வுதான், அத விட்டுத்தர மாட்டேன். வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் வித்தியாசமே இல்லன்னு சொல்றவன் கிடார் வாசிச்சது இல்ல. வால்யூம ஏத்தி அத தெணறடிச்சாதான் அந்த கரகரப்பு வரும், அந்த கரகரப்புதான் ராக் மியூசிக்கே. மார்ஷல், ஃபெண்டர், வாக்ஸ் மூணுக்கும் பேர் வந்ததே அதனாலதான்

கார்த்தி: அது சரி, ஆனா உன் ஆம்ப்ளிஃபயர் வாத்தியத்துல ஒரு பாகம். அது சத்தத்த உண்டாக்குது. பெரியப்பாவோடது ஏற்கெனவே ரெக்கார்ட் பண்ணி முடிச்ச பாட்ட திருப்பி சொல்றது. அது தன் பங்குக்கு எதயும் சேக்கக்கூடாது

வள்ளி அத்தை: ஏன் சேக்கக்கூடாது? தம்புராவுல பிரிட்ஜ் மேல நூல் வைக்கிறோம்லா. நூல எடுத்துட்டா வெறும் டொய்ங்னு மொட்டையா கேக்கும், நூல சரியான எடத்துல நகத்தி வச்சா ஒரு தந்திக்குள்ள இருந்து எத்தன சுரம் கெளம்பி வரும். அது பொய் சத்தம்னு எந்த வித்வானும் சொன்னதில்ல

நித்யா: அத்தை 🔥🔥🔥 இதான் மேட்டரே

நித்யா: வால்வு அதத்தான் பண்ணுது. 440 ஹெர்ட்ஸ்ல ஒரு ச உள்ள போனா 880ம் கொஞ்சம் சேந்து வெளிய வரும். அது மேல்ஸ்தாயி ச. ஒரு வால்வு மட்டும் வச்சு செய்யிற சிங்கிள் எண்டட் டிரையோடு (மூணு முனை வால்வு) ஆம்ப்ளிஃபயர்ல இது நல்லாவே இருக்கும். அதான் காதுக்கு நெறவா இருக்கு

கார்த்தி: ஆமா. ஆனா விளம்பரத்துல இதுக்கு அடுத்த வரிதான் புளுகு. வால்வுல இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் (ரெண்டு, நாலுன்னு மடங்குல கூட சேர்ற சுரம்), அதான் இனிமை, டிரான்சிஸ்டர்ல ஒத்தப்படை, அதான் நாராசம்னு. மூணாவது ஹார்மோனிக் என்ன? 1,320, மேல்ஸ்தாயி ப. அத்தை கிட்ட கேளு ப நாராசமான்னு. காதுல குத்துறது ஏழு ஒம்போதுன்னு மேல போறதுதான். அப்புறம் ரெண்டு வால்வ ஜோடியா போட்ட புஷ்புல் ஆம்ப்ளிஃபயர்ல அவுட்புட் வால்வுங்க உண்டாக்குற இரட்டைப்படை ஹார்மோனிக் பெரும்பாலும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிட்டு போயிரும். ஆயிரக்கணக்கான வால்வு ஆம்ப்ளிஃபயர் புஷ்புல்தான், அதுக்கும் இதே டயலாக்கத்தான் போட்டு விக்கிறான்

முருகேசன் மாமா: உங்க தாத்தாவோடதும் புஷ்புல்தான்

முருகேசன் மாமா: நான் சொல்லுதேன் கேளுங்க. பதினாலு வயசுல உங்க தாத்தா கடைல சேந்தேன். அந்த ஆம்ப்ளிய தூக்க ரெண்டு பேரு வேணும், கனம் பூரா டிரான்ஸ்ஃபார்மர்தான், பவருக்கு ஒண்ணு அவுட்புட்டுக்கு ஒண்ணு. உள்ள 400 வோல்ட்டு டி.சி. ஓடும், ஒரு தடவ தொட்டு தெறிச்சு விழுந்தேன், இன்னும் முழங்கைல தழும்பு இருக்கு. வால்வு எல்லாம் பெங்களூரு பி.இ.எல்., அதான் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், தயாரிப்பு. சுவிட்ச போட்டா அர நிமிசம் சத்தமே வராது, சூடாகணும். கல்யாண வீட்டுக்காரன் என்னடே பாட்ட காணோம்னு கத்துவான். நெசமான வால்வு ஆம்ப்ளிய அத வச்சே கண்டுபிடிச்சிரலாம், தொட முடியாத சூடு இருக்கும். மச்சான் உங்களோடத இப்ப தொட்டு பாருங்க

ராஜா பெரியப்பா: லேசா வெதுவெதுன்னு இருக்கு

ராஜா பெரியப்பா: ஆனா மாப்ளே அப்பா செட்டுல சத்தம் நல்லா இருக்கும்லா. கோயில் கொடை சமயத்துல விடியக்காலம் அஞ்சு மணிக்கு போட்டா மூணு ஊருக்கு கேக்கும். ஒறக்கத்துலயும் இனிமையா இருக்கும்

முருகேசன் மாமா: மூணு ஊருக்கு கேட்டது குழாயால. குழாய் ஸ்பீக்கர்ல அடி பேஸும் வராது, உச்சியும் வராது, நடுவுல மனுசக் கொரல் இருக்குற எடம் மட்டும் பிச்சிக்கிட்டு வரும். பக்கத்துல நின்னா காது கிழியும், ரெண்டு மைல் தள்ளி தென்னந்தோப்பு தாண்டி காத்துல மெதந்து வந்தா இனிமையாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு. ஏழு குழாய் கட்டி முறுக்குவோம், வால்வு ஆம்ப்ளி தெணறும்போது அலையோட தலைய மெதுவா வளைச்சு மொழுக்கும். 80ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளி வந்துச்சு, அது தெணறுனா கத்தரிக்கோல் வச்சு வெட்டுன மாதிரி நறுக்குனு வெட்டிரும். கல்யாண வீட்டுக்காரன் எந்த காலத்துல அளவா வச்சான், எப்பவும் ஃபுல்லுதான. அதனால வால்வே தேவலைன்னு எங்களுக்கு தோணுனது பொய் இல்ல

நித்யா: மாமா இது அப்படியே ஒரு பேப்பர்ல இருக்கு. ரஸ்ஸல் ஹேம்னு ஒருத்தர் 1973ல ஆடியோ இஞ்சினியரிங் சொசைட்டி ஜர்னல்ல எழுதுனாரு, ஸ்டுடியோவுல மைக் சிக்னல மொதல்ல பெருக்குற ப்ரீஆம்ப்ளிஃபயர்ங்கள அளவுக்கு மேல முறுக்குனா வால்வு எப்படி டிரான்சிஸ்டர் எப்படின்னு. வித்தியாசம் தெணறும்போதுதான்னு

கார்த்தி: அதேதான். வீட்டு ஹால்ல யாரும் ஆம்ப்ளிஃபயர தெணறடிக்கிறது இல்ல. சாதாரணமா கேக்கும்போது சராசரியா ஒரு வாட்ஸ் ரெண்டு வாட்ஸ்தான் போகும்

நித்யா: அப்ப ஹால்ல வித்தியாசமே இல்லங்கிறியா

கார்த்தி: இருக்கும், ஆனா காரணம் வேற. ஸ்பீக்கர் பின்னாடி 8 ஓம்னு போட்ருந்தாலும் சுதிக்கு சுதி அது மாறும், ஒரு எடத்துல 5, பேஸ் பக்கம் 30 கூட போகும். ஃபீட்பேக் (வெளிய வர்றத உள்ள திருப்பி குடுத்து தப்ப திருத்துறது) இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது அதுக்குள்ளயே இருக்குற தடுப்பு, 3 ஓம் இருந்தா, 5 ஓம் இருக்குற எடத்துல 4 டெசிபல் கொறையும், 30 ஓம் இருக்குற எடத்துல 1 டெசிபல் கூட கொறையாது. அதாவது 3 டெசிபல் ஏத்த எறக்கம், யாரோ ஈக்வலைசர தொட்ட மாதிரி. ஸ்பீக்கர மாத்துனா அந்த ஏத்த எறக்கமும் மாறும். டிரான்சிஸ்டர்ல இம்பீடன்ஸ் பத்துல ஒரு ஓம் கூட இருக்காது, அதனால நேர்கோடு. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரோட ஒரு ரெசிஸ்டர சீரிஸ்ல போட்டா இந்த எஃபெக்ட்ட நீயே பாக்கலாம்

நித்யா: விட்டா வால்வ ரெசிஸ்டர்ல செஞ்சிருவ போல

கார்த்தி: செஞ்சே காட்டுனாரு ஒருத்தர். 1985ல பாப் கார்வர்னு ஒரு அமெரிக்க டிசைனர் ஸ்டீரியோஃபைல் பத்திரிகைகிட்ட சவால் விட்டாரு, ஹைஃபை கிறுக்கங்களுக்கு அது வேதம் மாதிரி, நீங்க எந்த ஒசந்த ஆம்ப்ளிஃபயர வேணா குடுங்க என் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர 48 மணி நேரத்துல அதே சத்தம் வர வைக்கிறேன்னு. அவங்க நல்ல வெல ஒசந்த வால்வு ஆம்ப்ளிஃபயர குடுத்தாங்க. மனுசன் ஓட்டல் ரூம்ல ஒக்காந்து ரெண்டுக்கும் ஒரே பாட்ட குடுத்து ஒண்ணுல இருந்து இன்னொண்ண கழிச்சு, மிச்சம் என்ன சத்தம் வருதுன்னு கேட்டு கேட்டு, மிச்சம் கிட்டத்தட்ட ஒண்ணுமில்லன்னு ஆகுற வரைக்கும் உள்ள பார்ட்ஸ மாத்திக்கிட்டே இருந்தாரு. கடைசில பத்திரிகைக்காரங்களுக்கே எது எதுன்னு பிரிச்சு சொல்ல முடியல

நித்யா: பாதி கதைய சொல்லாத. அப்புறம் கடைக்கு வந்த மாடல் அந்த அளவுக்கு ஒத்துப்போகலன்னு அதே பத்திரிகைதான் எழுதுச்சு

கார்த்தி: சரி. கடைக்கு வந்தது வேற கதை

வள்ளி அத்தை: எனக்கு பாதி புரியல. அண்ணன் பணம் போச்சா இல்லயா அத சொல்லுங்க

முருகேசன் மாமா: நாளைக்கு நான் மீட்டர எடுத்துட்டு மச்சான் வீட்டுக்கு போறேன். கண்ண மூடி சொல்லிருவேன்னாருலா, பாத்துருவோம்

ஞாயிற்றுக்கிழமை

முருகேசன் மாமா: முடிஞ்சிது. முதல்ல மச்சான் எப்படி கேட்டாரோ அப்படியே விட்டோம். கண்ண கட்டி பத்து தடவ மாத்துனேன், பத்தும் சரியா சொன்னாரு

ராஜா பெரியப்பா: பாத்தியாலே கார்த்தி 💪

கார்த்தி: அப்புறம்?

முருகேசன் மாமா: அப்புறம் போன்ல 400 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஸ்பீக்கர் டெர்மினல்ல ஏ.சி. வோல்ட் பாத்தேன். புது டப்பா கொஞ்சம் கூட குடுத்துச்சு. ரெண்டயும் 2.00 வோல்ட்டுக்கு கொண்டு வந்து திரும்ப பத்து தடவ. ஆறு சரி நாலு தப்பு

நித்யா: பத்துல ஆறு காசு சுண்டுனாலும் வரும்

முருகேசன் மாமா: கடைல இதான் பழைய தொழில். எத விக்கணுமோ அதுக்கு வால்யூம ஒரு நூல் கூட வைக்கணும். சத்தம் கூடுனதுன்னு யாருக்கும் தெரியாது, தெளிவா இருக்குன்னுதான் சொல்வாங்க

ராஜா பெரியப்பா: நெசமாவே தெளிவா இருந்துச்சுடே

ராஜா பெரியப்பா: சரி ரிட்டர்ன் போட்டுட்டேன். ஏழு நாளு டைம் இருக்கு, புதன்கிழமை எடுக்க வாரான். அந்த லைட்டு எரியலன்னு பேத்தி அழுதுட்டு இருக்கா

வள்ளி அத்தை: அண்ணே அம்மா கேக்காங்க, அப்பா ஆம்ப்ளி பரண்ல தான இருக்கு அத எடுத்து போட்டா என்னன்னு

ராஜா பெரியப்பா: இருக்காம்மா இன்னும்?? எடைக்கு போட்டாச்சுன்னுலா நெனச்சேன்

வள்ளி அத்தை: கோணி சாக்குல சுத்தி இருக்காம். வால்வு மட்டும் தனியா பிஸ்கெட் டின்ல பஞ்சு வச்சு எடுத்து வச்சிருக்காங்க

முருகேசன் மாமா: மச்சான் எறக்குங்க, ஆனா நான் வர்ற வரைக்கும் ப்ளக்க சொருகிராதீங்க. முப்பது வருசம் தூங்குன கெபாசிட்டர் திடீர்னு கரண்ட் குடுத்தா வெடிக்கும். மொதல்ல அத மாத்தணும், அப்புறம் 60 வாட்ஸ் குண்டு பல்ப சீரிஸ்ல போட்டுத்தான் சுவிட்ச தட்டணும். பல்பு மங்கலா எரிஞ்சா நல்ல செட்டு, பிரகாசமா எரிஞ்சா உள்ள ஷார்ட்டு

கார்த்தி: மாமா குண்டு பல்பு இப்ப எங்க கெடைக்குது

முருகேசன் மாமா: எங்கிட்ட ஒரு பொட்டி இருக்கு

ராஜா பெரியப்பா: அப்ப வர்ற சனிக்கிழம வாங்க மாப்ளே. கார்த்தி நீயும் வால

வள்ளி அத்தை: வரும்போது ஏணி கொண்டு வாங்க. வீட்டு ஏணிக்கு ஒரு கால் ஆடுது