பெட்டி லைற் பிளக்குக்கு டயலெக்ட்ரிக் கிறீஸ் பூசலாமோ?

முள்ளியவளை மெசின்:
உழவு மெசினிலயிருந்து பின்னால இழுக்கிற பெட்டிக்குப் போற ஏழு பின் பிளக் ஒவ்வொரு மாரிக்கும் பச்சை பூக்குது. இப்ப பிரேக் மிதிச்சா சிக்னல் லைற்றும் சேர்ந்து மங்கலா எரியுது. டயலெக்ட்ரிக் கிறீஸ் போடச் சொல்லுறாங்கள். அது கரண்ட் கடத்தாதாமே, பின்னில பூசினா லைற் எரியுமோ?

பரந்தன் வயரிங்:
எரியும். அது சிலிக்கோன் கிறீஸ், கடத்தாதுதான். ஆனா பின் இறுக்கமா உள்ளுக்குப் போகேக்க உலோகம் முட்டுற இடத்தில கிறீஸ் பிதுங்கி விலகிடும். சுத்திவர நிக்கிறது ஈரத்தையும் காத்தையும் அண்ட விடாது. பின் லூசெண்டா முதல்ல அதை இறுக்குங்கோ.

உங்கட வருத்தத்துக்கு மட்டும் கிறீஸ் மருந்தில்லை, அது ஏர்த் பிழை, அதாவது கரண்ட் பற்றரி நெகற்றிவுக்குத் திரும்பிப் போற வழியில பிழை. நேர்வழி அடைபட்ட கரண்ட் மற்ற பல்ப்புகளுக்குள்ளால சுத்திப் போகுது. லைற்றைப் போட்டிட்டு மீற்றரின்ர ஒரு முனையை பற்றரி நெகற்றிவில, மற்றதை பெட்டியின்ர பின்பக்க லைற் ஹோல்டரின்ர ஏர்த்தில வையுங்கோ. அரை வோல்ற்றுக்கு மேல காட்டினா பெட்டிச் சட்டத்து ஏர்த் போல்ற்றைக் கழட்டி, பெயின்ற்றும் கறளும் போய் இரும்பு மினுங்கும்வரை உரஞ்சிப் பூட்டுங்கோ. பிளக்கின்ர ஏர்த் பின்னையும் பாருங்கோ.

பிறகுதான் கிறீஸ். பற்றரி நெகற்றிவைக் கழட்டி, கொன்ராக்ற் கிளீனர் அடிச்சு, சின்னப் பிரஷால தேய்ச்சு, நல்லாக் காயவிடுங்கோ. பச்சைக் களிம்புக்கு மேல பூசினா அது உள்ளுக்கிருந்து தின்னும். வயரின்ர செம்பு கறுத்திருந்தா மினுங்குற இடம் வரைக்கும் வெட்டித்தான் ஆகவேணும். ஒரு பின்னுக்கு அரிசிமணி அளவு கிறீஸ், ரப்பர் சீலுக்கு மெல்லிசா ஒரு பூச்சு. பிளக்கை நிரப்பாதேங்கோ.

மடு வீதி:
வீல் பெயரிங் கிறீஸைப் பூசிப்போடாதேங்கோ, சில ரப்பர் ஊதிப்போகும். கொப்பர் கிறீஸ் அதைவிட மோசம்: செம்புத்தூள் பக்கத்துப் பின்னோட தொடுத்து சோட் ஆக்கவும் கூடும். சுவிச், ரிலே உள்ளுக்கும் சிலிக்கோன் வேண்டாம். பொறி பறக்கிற முனையில அது எரிஞ்சு மணல் மாதிரிப் படிஞ்சு கரண்டை மறிக்கும்.

முள்ளியவளை மெசின்:
பற்றரி முனைக்கும் இதுதானோ?

பரந்தன் வயரிங்:
சுரண்டி, கிளாம்பை இறுக்கின பிறகு வெளியால பூசுங்கோ. அங்க வஸலினே காணும். எஞ்சினுக்குக் கிட்ட இருக்கிற பிளக்குகளுக்கு வஸலின் சரிவராது, சூட்டில உருகி வடிஞ்சிடும். மற்றது, பெட்டியைக் கழட்டேக்க பிளக்கைச் சேத்தில தொங்க விடாம மேல கட்டிவிடுங்கோ.