மறு: 'வலிச்சான்று' என்ற சொல் குறித்து

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நியூரல் பெயின் சிக்னேச்சருக்கு, அதாவது வலி உணரும்போது மூளைப்படத்தில் தெரியும் செயல்பாட்டு உருவுக்கு, நீங்கள் தந்த தமிழ்ச்சொல்லான 'வலிச்சான்று' வாய்க்கு இதமாக இருக்கிறது. ஆனால் இது நீதிமன்றத்துக்குப் போகப்போகும் சொல். சான்று என்று பெயர் வைத்துவிட்டால், நீதிபதி தீர்மானிக்க வேண்டியதைப் பெயரே தீர்மானித்துவிடும்.

2005இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு லாரி ஓட்டுநரின் மணிக்கட்டில் உருகிய தார் பட்டு வெந்துபோனது. வலி விடவே இல்லை என்று அவர் வழக்குப் போட்டார். அவருடைய மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் படங்களை நீதிபதி அனுமதித்தார். கடைசியில் 8 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஓட்டுநருக்கு நியாயம் கிடைத்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் தெரிந்தது ரத்த ஓட்டத்தின் மாற்றம். அதை வலி என்று படித்தவர்கள் நிபுணர்கள்.

2013இல் மூளை ஆய்வாளர் டோர் வேகரின் குழு முன்கையில் வெப்பம் செலுத்தி, மூளைப்படத்தை வைத்தே வலிக்கும் சூட்டையும் வெறும் சூட்டையும் 94 சதவீதத்துக்குக் குறையாமல் பிரித்துக் காட்டியது. அது ஆய்வகத்தில், நலமாக இருந்தவர்களிடம். நாட்பட்ட வலி வேறு. 2017இல் பன்னாட்டு வலி ஆய்வுக் கழகத்தின் குழுவும், வலி உண்டா இல்லையா என்று வழக்கில் தீர்க்க மூளைப்படத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றது.

எனக்குப் பெரிய பயம் எதிர்ப்பக்கத்தில்தான். படத்தில் ஒன்றும் தெரியாவிட்டால், 'சான்று இல்லை, ஆகவே வலியும் இல்லை' என்பார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லியே என் அம்மாவின் முதுகுவலியைப் பல வருடம் யாரும் நம்பவில்லை.

'தடயம்' என்றாலும் இதே சிக்கல், அது காவல்துறைச் சொல்லாகிவிட்டது. 'கையொப்பம்' என்றால் அவரே ஒப்புக்கொண்டது போல ஒலிக்கிறது. 'கோலம்' எப்படி? இலங்கைக் கணிதப் பாடநூல்களில் 'எண் கோலங்கள்' (நம்பர் பேட்டர்ன்ஸ்) என்று ஏற்கெனவே புழங்குகிறது. பல புள்ளிகள் சேர்ந்து ஓர் உரு தெரிவதுதானே இதுவும்!

முன்னொட்டில் மட்டும் கவனம் வேண்டும். 'நரம்பு வலிக்கோலம்' என்றால் நரம்பு வலி என்ற நோயோடு குழம்பும். 'மூளை வலிக்கோலம்' என்றால் மூளையே வலிப்பதாகத் தோன்றும். அதனால் 'வலியின் மூளைக்கோலம்'. கொஞ்சம் நீளம்தான், சரி.

கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கலாமா?

வலியின் மூளைக்கோலம்: வலி உணரும்போது மூளையின் பல பகுதிகளில் சேர்ந்து தோன்றும் செயல்பாட்டு உரு. இது தெரியாததால் வலி இல்லை என்று ஆகாது.