பழனியாருக்கு இடக்கை குறையா?

தொப்பிநாதம்:
நேற்று ஒரு அன்பர் இங்கே, இரண்டு மிருதங்க வித்வான்களை ஒப்பிட்டு, "பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர், அதனால்தான் பாலக்காடு மணி ஐயர் அளவுக்கு வர முடியவில்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. வாசிப்பில் குறையா, உட்கார இடம் கொடுக்காதவர்களிடம் குறையா? அதை முதலில் சொல்லுங்கள்.

கல்பாத்திக்காரன்:
எழுதியது நான்தான், மறுக்கவில்லை. வாய்ப்பு குறைந்தது என்ற பொருளில்தான் சொன்னேன். மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்காருவார், மிருதங்கத்தின் கூர்மையான நாதம் தரும் முகமான வலந்தலை சபையைப் பார்க்கும். பழனியாருக்கு அது தலைகீழ். அவர் இடப்பக்கம் வந்தால் வயலின்காரர் எழுந்து மாற வேண்டும். பலர் சம்மதிக்கவில்லை. நடந்த கதைதானே?

தொப்பிநாதம்:
நடந்த கதைதான். மாற மாட்டேன் என்றது வயலின்காரர்கள். பழி மட்டும் பழனியார் கை மேலா? பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைத் தேடிக் கூப்பிட்டு வாசிக்க வைத்தாரே, செம்பை கச்சேரி கெட்டா போயிற்று?

வயலின் மாணவி:
வயலின்காரர்களை இழுக்காதீர்கள் சார். நாங்கள் உட்காரும் பக்கத்தைப் பொறுத்துத்தான் வயலின் நாதம் எந்தப் பக்கம் போகும் என்பது. எதிர்ப்பக்கம் போனால் நாதம் பின்சுவருக்குத்தான் என்பது எங்கள் பயம். மைக் இல்லாத நாட்களில் அது சின்ன விஷயமா?

தொப்பிநாதம்:
அம்மா, அதே நியாயம் மிருதங்கத்துக்கு இல்லையா? அவர் வலப்பக்கம் உட்கார்ந்தால் அவருடைய வலந்தலை சுவரைப் பார்க்கும். உங்கள் நாதம் மட்டும் நாதம், அவர் வாசிக்கும் சாப்பு அடி வெறும் தோல் சத்தமா? இடப்பக்கம் உட்காருவது அவருக்கு உரிமை. திரும்பவும் சொல்கிறேன், உரிமை.

சர்வலகு:
ஒன்று கேட்கலாமா? "அளவுக்கு வருவது" என்றால் எதை வைத்துச் சொல்கிறோம்? கச்சேரி எண்ணிக்கையா, விருதா, சிஷ்யர்களா? அதை முடிவு செய்துகொண்டு பேசினால் நல்லது.

கல்பாத்திக்காரன்:
விருதையே எடுத்துக்கொள்ளுங்கள். மணி ஐயருக்கு 1966-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது. பழனியாருக்கு இல்லை. நான் சொன்னதில் என்ன தவறு?

தொப்பிநாதம்:
1966-க்கு முன்னால் எந்த மிருதங்கக்காரருக்கு அதைக் கொடுத்தார்கள்? மணி ஐயர்தானே முதல் ஆள்! பழனியார் 1962-லேயே ஐம்பது சொச்சம் வயதில் போய்விட்டார். கணக்குப் பார்க்காமல் எழுதுவது உங்களுக்குப் பழக்கம். போன மார்கழியிலும் இப்படித்தான், பழனியார் வந்த புதுக்கோட்டை வாசிப்பு வழியில் வெறும் தாளக் கணக்குதான் என்றீர்கள். அந்த வழியைத் தொடங்கிய மான்பூண்டியா பிள்ளையிடம் கற்ற முத்தையா பிள்ளையின் மகன் பழனியார். மிருதங்கத்தின் கனத்த நாதம் தரும் மறுமுகமான தொப்பியில் அவர் கும்கி இழுப்பதைப் பழைய பதிவுகளில் கேளுங்கள். அடித்த சத்தமாக இல்லை, உள்ளங்கை அடியில் ஒரு ஆள் முனகுவது போல எழும்பி அடங்கும். எங்கே இருக்கிறது கணக்கு?

கல்பாத்திக்காரன்:
போன மார்கழியில் நான் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, பழனியார் பக்கத்தில் கையில் பிடித்து வாசிக்கும் சின்னத் தோல் வாத்தியமான கஞ்சிரா வாசித்த மேடைகள் உண்டு. அவரே ஏற்றுக்கொண்ட வரிசை அது.

தொப்பிநாதம்:
கஞ்சிரா வாசித்தால் இரண்டாம் ஆளா? கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்ததே மான்பூண்டியா பிள்ளை. தாத்தா வாத்தியார் சொத்தை வாசிப்பது பெருமை ஐயா, பணிவு இல்லை.

மயிலை ரசிகை:
மணி ஐயர் பெண் பாடகர்களுக்கு வாசிக்க மாட்டேன் என்று பல காலம் இருந்ததையும் பேசலாமே? பாடகி டி.கே. பட்டம்மாளோடு சம்பந்தி ஆன பிறகுதான் அவருக்கு வாசித்தார்.

கல்பாத்திக்காரன்:
இது எதற்கு இப்போது? இந்த இரண்டு பேருக்கும் பேத்தியாக நித்யஸ்ரீ பாடுகிறார், அந்தக் குடும்பத்திலேயே யாருக்கும் இல்லாத குறை உங்களுக்கு ஏன்?

மயிலை ரசிகை:
வாய்ப்பு மறுப்பு என்று பேச்செடுத்தது நீங்கள். இடக்கைக்குப் பேசலாம், பெண்ணுக்குப் பேசக்கூடாதா?

வயலின் மாணவி:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தொப்பிநாதம்:
சொல்கிறேன். நானும் இடக்கைக்காரன். எட்டு வயதில் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே வாத்தியார் மிருதங்கத்தைத் திருப்பி வைத்தார். பழக்கத்தில் நான் மாற்றி வைத்தால் புறங்கையில் ஒரு அடி. இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். பழனியாரின் சிஷ்யர் திருச்சி சங்கரன் வலக்கைக்காரர். எதிரெதிரே உட்கார்ந்தால் குருவின் இடக்கையும் சிஷ்யனின் வலக்கையும் ஒரே பக்கம், கண்ணாடி பார்ப்பது போல. அப்படி வளர்ந்தவர் 1971-இல் டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார், 2011-இல் கலாநிதியும் வாங்கினார். இடக்கை குறை என்றால் இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

கல்பாத்திக்காரன்:
உங்கள் வாத்தியார் மேல் இருக்கும் கோபத்தை என் மேல் காட்டாதீர்கள். வயலின்காரர் இடம் மாற வேண்டியிருந்ததா இல்லையா? இருந்தது. வாய்ப்பு குறைந்ததா? குறைந்தது. நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன்.

தொப்பிநாதம்:
"வர முடியவில்லை" என்று எழுதினீர்கள். "வர விடவில்லை" என்று திருத்துங்கள். அதுவரை தினமும் வந்து கேட்பேன்.

சர்வலகு:
அளவுகோல் என்னவென்று கேட்டிருந்தேன்.

வயலின் மாணவி:
பின்சுவர் விஷயம் அப்படியே நிற்கிறது சார்.

தொப்பிநாதம்:
பின்சுவர் கிடக்கட்டும் அம்மா. அவர் முதலில் திருத்தட்டும்.